முத்திரைச் சந்தி மான்மியம்

தலபுராணம் பாடுகிறவர்கள் கோயிலைப் பாடுவார்கள், குளத்தைப் பாடுவார்கள், சந்தியை மட்டும் பாடமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இது பெரிய அநியாயம். இங்கே ஒரு மனிசன் கோயிலில் நிற்கிற நேரத்தைவிடச் சந்தியில் நிற்கிற நேரம்தான் கூட. பேப்பர் படிப்பது சந்தியில். கலியாணம் குழம்புவது சந்தியில். கொழும்பில் இருக்கிற அரசாங்கத்தைக் கிழமைக்கு இரண்டு தரம் கவிழ்ப்பதும் சந்தியில்தான். ஆகவே விநாயகரை வணங்கி, நல்லூர் முத்திரைச் சந்தியின் மான்மியத்தை விளம்பப் புகுகிறேன். வசனத்தில்தான். வெண்பா யோசித்துக்கொண்டு அந்தச் சந்தியில் நின்றால், ஈற்றடிக்கு முன்னமே பின்னால் டிப்பர் வந்து ஹோர்ன் அடிக்கும்.

இடஞ்சுட்டி: யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வந்து, கந்தசுவாமி கோயிலையும் தாண்டினால் முத்திரைச் சந்தி. வாள் பிடித்த ராசா ஒருவர் குதிரையில் இருப்பார். அவர்தான் சங்கிலியன். அவரைச் சுற்றி ஓட்டோ, பட்டா, பல்சர், பெப், ஹயஸ், பருத்தித்துறைக்குப் போகிற 750 பஸ் எல்லாம் பாயும். அந்த நெரிசலில் ஓடாமல் நிற்கிற ஒரே வாகனம் ராசாவின் குதிரைதான்.

இனிப் புராணம்.

ஆதியிலே இது தலைநகரம். ஆரியச்சக்கரவர்த்திகளின் நல்லூர். நாலு திசைக்கும் நாலு காவல் கோயில் வைத்து நகரம் வகுத்தார்கள். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாயநாதர். நகர அபிவிருத்தி அதிகார சபை இல்லாத காலம் என்றபடியால் வேலை முடிந்தது. இன்றைக்கு இதே திட்டத்தைப் போட்டால் ஆலோசகர் நாலு பேர், கள ஆய்வு இரண்டு, அமைச்சர் நாட்டிய அடிக்கல் மூன்று என்று போய், கடைசியில் தெற்குக் கைலாயநாதருக்கு அடுத்த நிதியாண்டில் பணம் ஒதுக்கப்படும் என்று அறிக்கை வந்திருக்கும்.

ராசா காலத்துப் போக்குவரத்து விதி ஒன்றே ஒன்று: யானை வந்தால் மற்ற எல்லோரும் ஒதுங்கவேண்டும். நானூறு வருசத்துக்கு மேலாகியும் இந்த விதியில் ஒரு திருத்தமும் வரவில்லை. யானை மட்டும் டிப்பராக மாறியிருக்கிறது. யானைக்கு ஞாபகசக்தி இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

1450 அளவில் கோட்டை இராச்சியத்திலிருந்து சப்புமல் குமாரயா என்கிற செண்பகப் பெருமாள் படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான். பிடித்தவன் சும்மா இருக்காமல் கோயிலையும் கட்டினான் என்கிறது வரலாறு. கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் இன்றைக்கும் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்று அவன் பெயரைச் சொல்கிறார்கள். பக்கத்து வளவுக்காரன் போட்ட தண்ணீர்த் தொட்டிக்குக்கூட அவன் பெயரைச் சொல்லாத ஊர் இது. படையெடுத்து வந்தவனுக்குத் தினமும் கட்டியம் கூறுகிறது. நாங்கள் பொல்லாதவர்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் குறித்துவைக்கவும்.

1619 இல் பறங்கி வந்தான். பிலிப் டி ஒலிவேறா என்ற தளபதி, கடைசி ராசா சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினான். அங்கே அவருக்கு மரணதண்டனை. 1621 இல் ஒலிவேறா நல்லூருக்கு வந்து குந்தினான். அப்போது கந்தசுவாமி கோயில் இன்றைக்கு இருக்கிற இடத்தில் இல்லை. இந்த முத்திரைச் சந்திப் பக்கம்தான், இப்போது பரியாகப்பர் தேவாலயம் நிற்கிற நிலத்தில் இருந்தது. அதை அத்திவாரத்தோடு இடித்தார்கள். கல்லுகள் யாழ்ப்பாணக் கோட்டை கட்டப் போயின என்று சொல்வார்கள். தலைநகரத்தையும் கடற்கரைப் பக்கம், பட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அபிவிருத்திக் கண்ணோடு பார்த்தால், முத்திரைச் சந்தியின் முதலாவது மீளபிவிருத்தித் திட்டம் இதுதான். மக்கள் கருத்துக் கேட்கப்படவில்லை. நட்டஈடு இல்லை. மூலப்பொருள் தளத்திலேயே கிடைத்தது. காலவரையறைக்குள் முடிந்தது. இந்த நாலிலும் முதல் இரண்டைப் பின்னால் வந்த எல்லா அபிவிருத்திகளும் ஒழுங்காகப் பின்பற்றின. நாலாவதைத்தான் ஒருவராலும் பின்பற்ற முடியவில்லை.

1658 இல் ஒல்லாந்தன் கோட்டையைப் பிடித்தான். பறங்கி சமயப் பைத்தியம் என்றால் ஒல்லாந்தன் கணக்குப்பிள்ளை. சாயவேர் போட்டுத் தோய்த்த யாழ்ப்பாணத் துணிக்கு அப்போது நல்ல கிராக்கி. துணியைக் கொண்டுவந்து வரி கட்டி முத்திரை குத்துவித்த சந்தை இது என்பார்கள். முத்திரை இல்லாத துணியை விற்றால் குற்றம். அந்தப் பழக்கம் இந்த மண்ணில் ஊறிவிட்டது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தான் கந்தோருக்குப் போனால் காரியம் முடிந்ததா என்று கேட்கமாட்டான், சீல் குத்தினார்களா என்றுதான் கேட்பான்.

ஒல்லாந்தன் செய்த இன்னும் இரண்டு வேலைகள் இந்தச் சந்தியின் எதிர்காலத்தை அப்போதே எழுதிவிட்டன. ஒன்று, தோம்பு. யாருக்கு எவ்வளவு காணி என்று ஊர் ஊராகப் பதிந்து வைத்தான். மற்றது, தேசவழமை. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை எங்கள் வழக்கங்களைக் கேட்டு எழுதிச் சட்டமாக்கினான். ஒருவன் காணி விற்பதென்றால் முதலில் பங்காளியையும் எல்லைக்காரனையும் கேட்கவேண்டும் என்ற முன்வாங்கல் உரிமை அதில் வருகிறது. இந்த இரண்டையும் வாசகர் மறக்காமல் கையில் வைத்திருக்கவேணும். கடைசியில் வேலை இருக்கிறது.

இதற்கிடையில் 1734 அளவில் கந்தசுவாமியார் திரும்பி வந்தார். பழைய இடத்தில் ஒல்லாந்தனின் தேவாலயம் இருந்தபடியால், கொஞ்சம் தள்ளிக் குருக்கள் வளவில் குடியேறினார். முருகன் சண்டைக்குப் போகாமல் காணி மாறியது எனக்குத் தெரிந்து இது ஒரு தரம்தான். தமையனோடு மாம்பழத்துக்கே மலையேறினவர், ஒல்லாந்தனோடு எல்லை வழக்குப் பேசவில்லை. அவருக்குத் தோம்பு என்னவென்று தெரிந்திருக்கவேணும்.

வெள்ளைக்காரன் 1795 இல் வந்தான். 1818 இல் திருச்சபை மிஷன்காரர் நல்லூரில் கால்வைத்தார்கள். யோசப் நைட் என்ற பாதிரியார் வந்து, பள்ளிக்கூடமும் பிரசங்கமுமாகத் தொடங்கினார். பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற அரச அதிபர் 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார். ஆண்டார் என்றுதான் சொல்லவேண்டும், மனிசனுக்கு வடக்கின் ராசா என்றே பெயர். கச்சேரிப் பக்கத்துப் பழைய பூங்கா அவருடையது. மரம் நட்ட மனிசன். கடைசியில் இதே வீதியால் போனால் வருகிற கோப்பாயில்தான் இறந்தார். பின்னால் வந்தவர்கள் வீதி அகலிக்கும்போது முதலில் மரத்தை வெட்டுகிறார்கள். ஆட்சிக்கு வந்ததற்கு அடையாளம் வேண்டாமா.

1902 இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கும், 1905 இல் கொழும்போடும் ரயில் ஓடத்தொடங்கியது. தண்டவாளம் நல்லூரைத் தொடவில்லை. தலைநகரம் போனபிறகு ரயிலும் ஏன் என்று விட்டார்கள். முத்திரைச் சந்தி மாட்டுவண்டியோடும் திருக்கலோடும் நிம்மதியாகக் கிடந்தது. அந்தக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நிம்மதிக்கு வரலாறு கிடையாது, வழக்குத்தான் உண்டு.

பிறகு கார் வந்தது. காரைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர் மட்டுமல்ல, மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனோடு திரும்பின எங்கள் ஆட்களும்தான். மலாயன் பென்சனியர் என்றால் கல்வீடு, சாய்மனைக் கதிரை, மதில், கார். கார் எங்கேயாவது போவதற்கு என்று யாரும் நினைக்கவேண்டாம். கார் படலைக்குள் நிற்பதற்கு. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்டுகொண்டால் அதன் கடமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்குக் குளிப்பாட்டல், வெள்ளிக்கிழமை கோயில் வாசல்வரை ஒரு வெள்ளோட்டம். அவ்வளவுதான்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ். இந்த மூன்றும் யாழ்ப்பாணத்தின் தேசிய விலங்குகள். அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லை என்று அரசாங்கம் கார் இறக்குமதியை நெரித்தது. கொழும்பான் கவலைப்பட்டான். யாழ்ப்பாணத்தான் ஏ-40இன் போல்ற்றை இறுக்கினான். உலகம் முழுவதும் அருங்காட்சியகத்துக்குப் போன கார் இங்கே ஹயறிங்குக்கு ஓடியது. முன்சீற்றில் நாலு, பின்சீற்றில் ஆறு, டிக்கியில் இரண்டு பலாப்பழம், மடியில் பிள்ளைகள் கணக்கில் இல்லை. இங்கிலாந்தில் அதை வடிவமைத்த எஞ்சினியர் ஒரு நல்லூர்க் கலியாணக் காரைக் கண்டிருந்தால் தன் தொழிலைப் பற்றித் திரும்ப யோசித்திருப்பார். வீதியில் தட்டிவானும் இருந்தது. மரப்பலகை உடம்பு, பக்கத்துக்குத் தட்டி, மேலே வாழைக்குலை, உள்ளே மரக்கறிக் கூடைகளோடு சந்தைக்குப் போகிற ஆச்சிமார். தட்டிவானுக்குத் தரிப்பிடம் கிடையாது. ஆச்சி கத்துகிற இடம்தான் தரிப்பிடம்.

எழுபதுகளில் சங்கிலியனுக்குச் சிலை வைத்தார்கள். முந்நூற்றைம்பது வருசம் கழித்து ராசா தன் ஊருக்குத் திரும்பினார். அவருக்கு ஒதுக்கின இடம் சந்தி. அரண்மனை வாசல் என்று சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வளைவு அதே வீதியில் கிட்டத்தான் இருக்கிறது. மந்திரிமனையும் அங்கேதான். ப வடிவத்தில் கட்டின யமுனா ஏரியும் பக்கத்தில். ராசாவை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தால் சனம் இறங்கிப் போய்ப் பார்த்திருக்கும். சந்தியில் வைத்தபடியால் காருக்குள் இருந்தே பார்த்துவிட்டுப் போகலாம். 2011 இல் அவருக்குப் புதுமேனி கிடைத்தது. புகை படிந்த மேனிக்கு அது தேவைதான்.

அடுத்து, இந்த மான்மியத்தின் பொற்காலம். போக்குவரத்துக்கு மட்டும்தான் பொற்காலம், மற்ற எல்லாவற்றுக்கும் இரும்புக்காலம். 1990 யூன் மாதம் யுத்தத்தில் யாழ்தேவி ரயில் நின்றது. ஏ-9 வீதி அடைபட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடைப்பொருள் ஆயின. உலகத்தில் எந்த நகரத் திட்டமிடலாளரும் கனவிலும் காணாத ஒன்று ஒரே நாளில் நடந்தது. ஒரு முழுக் குடாநாடும் காரை விட்டுச் சைக்கிளில் ஏறியது. அம்ஸ்ரடாமில் எழுபதுகளில் சனம் ஊர்வலம் போய், மறியல் இருந்து வாங்கின சைக்கிள் வீதியை எங்களுக்கு ஒரு வர்த்தமானி அறிவித்தல் இலவசமாகத் தந்தது.

சைக்கிள் அப்போது வாகனம் அல்ல, குடும்ப உறுப்பினர். அதில் விறகு போனது, நெல் மூட்டை போனது, பிரசவத்துக்குப் பெண் போனாள், ஆஸ்பத்திரிக்கு அப்பு போனார், சில வேளை திரும்பியும் வந்தார். இரவில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடியன் ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ பாடியது. பி.பி.சி. தமிழோசையில் உலகச் செய்தி முடிவதற்குள் பெடியனின் கை ஓய்ந்தால், அன்றைக்கு அரசியல் அந்த இடத்தில் முடிந்தது. ஏ-40 மட்டும் தோற்கவில்லை. காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. முன்னால் கலியாண மாப்பிள்ளை, பின்னால் கரும்புகை. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசினார்களா மண்ணெண்ணெய் தெளித்தார்களா என்று கிட்டப்போய் மணந்து பார்த்தால்தான் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நடந்து வெளியேறியது. அந்த வீதியைப் பற்றிப் பகிடி விட எனக்கு வராது. தாண்டிப் போகிறேன்.

திரும்பி வந்தபோது வீதிக்குப் புதுச் சொந்தக்காரர் இருந்தார். இராணுவத் தொடரணி வருகிறது என்றால் எல்லோரும் நிற்கவேண்டும். கார் நின்றது, சைக்கிள் நின்றது, பாதசாரி நின்றான், மாடும் நின்றது. போக்குவரத்துச் சமத்துவம் என்று பேசுகிற மேல்நாட்டு நிபுணர்கள் அதைப் பார்த்திருக்கவேண்டும். எல்லோரும் சமம், ஒருவரைத் தவிர. ராசாவின் யானைச் சட்டம் ஒரு எழுத்தும் மாறாமல் திரும்ப நடைமுறைக்கு வந்தது.

2002 இல் ஏ-9 திறந்தது. 2006 இல் பூட்டியது. 2009க்குப் பிறகு திறந்தது திறந்ததுதான். வீதிகளுக்குக் காப்பெற் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு தலைமுறை வாகனம் சேர்க்காமல் இருந்த பசி ஒன்று இருந்தது. லீசிங் கம்பனிகள் அந்தப் பசியை மோப்பம் பிடித்து ஓடிவந்தன. வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்த இடத்தில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். அக்காவுக்குப் பெப், தம்பிக்குப் பல்சர், அப்பாவுக்குப் பழைய ஹொண்டா, ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு வாடகை ஹயஸ். சந்தி அகலவில்லை. ராசா காலத்து வீதி, ஒல்லாந்தன் காலத்து எல்லை, யப்பான் காலத்து வாகனம்.

இன்றைக்குள்ள வழக்கங்களையும் பதிந்து வைக்கவேண்டும். சந்தியில் திரும்புகிறவர் சிக்னல் போடமாட்டார். போட்டால் பின்னால் வருகிறவனுக்கு அவர் எங்கே போகிறார் என்று தெரிந்துவிடும், ஊருக்குள் அது சரியில்லை. ஹெல்மெட் தலைக்கு அல்ல, பொலிஸுக்கு. பொலிஸ் சந்தியில் நிற்காமல் சந்தி தாண்டி மதில் நிழலில் நிற்பார், வெயில்தானே. மினிபஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் ஒரே பயணியைக் கண்டுவிட்டால், அந்த ஒருவருக்காக இரண்டும் நாற்பது பேரின் உயிரைப் பணயம் வைக்கும். நடைபாதை என்பது வடிகால் மூடியின் பெயர். மூடி இல்லாத இடத்தில் வடிகாலின் பெயரும் அதுதான்.

2022 இல் ஒரு சின்ன மறுபிறப்பு. நாடு முழுவதும் பெற்றோல் இல்லை. கொழும்பு தலையில் கைவைத்தது. கியூ, கியூ.ஆர்., கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று தொலைக்காட்சியில் பெரிய துயரம். நல்லூரில் கொட்டிலுக்குள் இருந்த லுமாலாவை எடுத்துத் தூசி தட்டினார்கள். எங்கள் ஆச்சிமார் சொன்ன ஒரே வசனம், "இதுக்கே இப்பிடிக் கத்துறாங்கள்?" சில மாதம் முத்திரைச் சந்தியில் மணிச்சத்தம் கேட்டது. பெற்றோல் வந்தது, மணிச்சத்தம் போனது. 2025 இல் கார் இறக்குமதித் தடையையும் எடுத்தார்கள்.

ஆக, ராசா, பறங்கி, ஒல்லாந்தன், வெள்ளைக்காரன், பென்சனியர், ஆமி, லீசிங் கம்பனி. வந்தவன் எல்லாம் சந்தியைத் தன் வாகனத்துக்கு எழுதிக் கொடுத்தான். நடக்கிறவனுக்கு எழுதிக் கொடுத்தவர் ஒருவர்தான், குருக்கள் வளவுக்குக் காணி மாறினவர்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாள். மாநகர சபை தடுப்புகளைக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிய வீதிகளை மறிக்கும். பருத்தித்துறை வீதி வாகனங்கள் மாற்றுப் பாதைக்குப் போகும். தார் வீதியில் வெள்ளை மணல் பரப்புவார்கள், அங்கப் பிரதட்டை செய்கிறவர்களின் முதுகு வேகாமல் தண்ணீர் தெளிப்பார்கள். நேற்றுவரை பல்சர் பறந்த இடத்தில் மனிசன் வெறும் மேலோடு உருளுவான். சுற்றுவட்டார வளவுகள் எல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையமாகும். மதில் எட்டடி வைத்து அயலானை உள்ளே பார்க்கவிடாத குடும்பம், காசு வாங்கிக்கொண்டு ஊரையே உள்ளே விடும். கச்சான் கடை, ஐஸ்கிறீம் கடை, காப்புக் கடை எல்லாம் வழிகிற யாவாரம். வாகனம் வராவிட்டால் யாவாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் அழுகிறதை நான் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவில் மட்டும் கேட்டதில்லை.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்கவேணும். வீதியை மறித்தார்கள் என்று ஒருவரும் வழக்குப் போடவில்லை. எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்கு மூன்று தலைமுறை அப்புக்காத்துமாரைச் சாப்பிட வைத்த ஊர், ஒரு பிரதான வீதியையே 25 நாளைக்கு விட்டுக்கொடுக்கிறது. வருசா வருசம். பொகோட்டா நகரத்தில் 1974 இல் தொடங்கி, இப்போது ஞாயிறு தோறும் வீதிகளைப் பூட்டிச் சைக்கிளுக்கும் நடைக்கும் விடுகிறார்கள் என்று உலகமே போய்ப் படித்துவிட்டு வருகிறது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019 இல் நடைபாதையை அகட்டினார்கள், அதற்கும் விழா. நாங்கள் இதைப் பாட்டன் பூட்டன் காலமாகச் செய்துவிட்டு, பக்தி என்று பெயர் வைத்து, 26 ஆம் நாள் காலையில் தடுப்பை லொறியில் ஏற்றிவிடுகிறோம்.

இனி அபிவிருத்தி. உலக வங்கிக் கடனில் மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டம் வந்தது. கண்டி, காலியோடு யாழ்ப்பாணத்தையும் சேர்த்தார்கள். நல்ல வேலைகளும் நடந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தத் திட்டத்தையும் ஒரு கணினிப் படத்தோடுதான் காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் மரம் எல்லாம் ஒரே உயரம். வெயில் இல்லை, மாடு இல்லை, கோப்பியோடு நடக்கிற சனம் எல்லாம் கோட்டுப் போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்காரரை நான் முத்திரைச் சந்தியில் இதுவரை காணவில்லை. கண்டால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன்.

சந்தியை அகட்டிப் பெரிய கட்டடம் கட்டலாமே என்பவர்களுக்கு, நான் கையில் வைத்திருக்கச் சொன்ன தோம்பையும் தேசவழமையையும் இப்போது எடுக்கவும். சந்தியை ஒட்டின ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் அஞ்சு சகோதரம். ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் லண்டன், ஒருவர் பாரிஸ், ஒருவர் சிட்னி, ஒருவர் மற்ற நாலு பேரோடும் கதையில்லை. அற்றோணித் தத்துவம் மாமாவிடம், உறுதி மாமியின் பெட்டிக்குள், திறப்பு ஒருவரிடமும் இல்லை. விற்க முன்னம் பங்காளியைக் கேட்கவேணும், எல்லைக்காரனைக் கேட்கவேணும். எல்லைக்காரன் கோயில். கோயிலுக்குள் இரண்டு கட்சி. ஒலிவேறா திரும்பி வந்தாலும் இந்தக் காணியில் ஒரு கல்லைப் புரட்டமாட்டான்.

ஆகவே பெரிய கனவை விட்டுவிடுவோம். முத்திரைச் சந்தியின் வளம் கட்டடத்தில் இல்லை. ராசா சிலை, தேவாலயம், மந்திரிமனை, தோப்பு வளைவு, யமுனா ஏரி எல்லாம் ஒரு சின்ன நடைக்குள் அடங்குகின்றன. நாலு இராச்சியத்தின் கதை ஒரு நடையில். எந்த நாட்டிலும் இதற்கு ரிக்கற் போடுவார்கள். நாங்கள் அதை ஹயஸ் கண்ணாடிக்குள்ளால் பார்க்கிறோம். இறங்கி நடக்க நிழலும் இல்லை, நடைபாதையும் இல்லை. பார்ப்பாரில்லாத பொருள் கவனிப்பாரில்லாமல் போகும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மாறாக, 2021 இல் ஆரியகுளத்தைத் துப்புரவாக்கிச் சுற்றி நடக்க இடம் விட்டபோது, பின்னேரம் சனம் தானாக வந்தது. யாழ்ப்பாணத்தான் நடக்கமாட்டான் என்பது பொய். நடக்க இடம் இல்லாத இடத்தில் நடக்கமாட்டான், அவ்வளவுதான்.

மாநகர சபைக்கு ஒரு விண்ணப்பம். கடன் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம், அடிக்கல்லும் வேண்டாம். தீர்த்தம் முடிந்ததும் களஞ்சியத்துக்குப் போகிற அந்தத் தடுப்புகளில் கொஞ்சத்தை ஏற்றாமல் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணி தொடக்கம் ஒன்பது மணிவரை, கோயிலடியிலிருந்து யமுனா ஏரிவரை பருத்தித்துறை வீதியை மறியுங்கள். 750 பஸ்ஸுக்குத் திருவிழாக்காலத்து மாற்றுப் பாதை மனப்பாடம். கச்சான்காரருக்கு அறிவித்தல் தேவையில்லை, மணந்து கண்டுபிடித்து வருவார்கள். வடிகால் மூடிகளைச் சரிக்கட்டி, டைக் துரை நட்ட மாதிரி நாலு வேம்பும் நட்டால் போதும். முதல் மூன்று மாதம் ஊர் திட்டும். நாலாம் மாதம் மறிக்கத் தவறினால் அதற்கும் திட்டும். அப்போது திட்டம் வெற்றி என்று சீல் குத்தலாம்.